சகலைக்கும் சேர்த்து ஒரு ஒப்பந்தம்

பயிற்சி முடிந்து மற்றவர்கள் குளிக்கப் போன பிறகும் மாற்று கோல்கீப்பர் வலைக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார். யாராவது ஒருவனுக்குப் பெனால்டி பழக வேண்டியிருக்கும். அவன் போனதும் இன்னொருவன் வருவான். எல்லோருக்கும் நின்றுகொடுத்துவிட்டு, சிதறிக் கிடக்கும் பந்துகளையும் பொறுக்கிப் பையில் போட்டுவிட்டுத்தான் அவர் கிளம்புவார். ஆட்டத்தன்று பெஞ்சில் உட்காருவார். முதல் கோல்கீப்பருக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் மைதானத்தில் இறங்குவார். அந்த மனிதருக்கோ காய்ச்சலே வராது.

அணியில் அவரைச் "சாவி" என்று கூப்பிடுவார்கள். முழுப்பெயர் மாற்றுச் சாவி. "நல்ல சாவி தொலைஞ்சாத்தான் இத தேடுவோம்" என்று புதிதாக வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். முடியில் நரை எட்டிப் பார்க்கும் வயதிலும் அவருக்கு அந்தச் சிரிப்பு வாடவில்லை.

சீசன் முடியப் போகும் சமயம், ஒரு நாள் பயிற்சிக்குப் பிறகு கோச் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஈரத் துண்டும் பழைய பூட்ஸும் நாறும் சின்ன அறை அது. சுவரில் வெள்ளைப் பலகை, அதில் ஆட்டக்காரர்களுக்குப் பதிலாக ஒட்டிய வட்டக் காந்தங்கள்.

"கதவச் சாத்து" என்றார் கோச். "பெரியவருக்குத் தோள் போச்சு. டாக்டர் கைய விரிச்சிட்டார். இந்த சீசனோட நிறுத்திக்கிறாராம்."

பெரியவர் என்றது முதல் கோல்கீப்பரை. சாவிக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. "பாவம் சார். போன வாரம்கூட வலிக்குதுன்னு சொன்னாரு."

"அவருக்கு அப்புறம் பாவம் பாத்துக்கலாம். இதக் கேளு. உன் சகலை மின்னலும் போகப் போறான். அவன இனிமே நாம கட்டிப்போட முடியாது. அவன் போனா நமக்குக் கோல் போட ஆளில்ல. இன்னொரு மின்னல வாங்குறதுக்கு நம்ம கிளப்புக்கு வக்கில்ல. அப்ப கீழ்ப்பிரிவுக்கு இறங்காம நாம தப்பிக்க ஒரே வழி, கோல் வாங்காம இருக்கிறது." கோச் பலகையில் வலைக்கு முன்னால் இருந்த காந்தத்தை விரலால் தட்டினார். "அடுத்த சீசன் இங்க நீ நிக்கிற. முதல் ஆட்டத்துலேர்ந்து."

சாவி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சார்..."

"அழுது தொலைக்காத. நிர்வாகத்துல வெளியாள் வேணும்னு குதிக்கிறாங்க. வீட்டுலயே ஆள வெச்சிக்கிட்டு எதுக்குத் தெருவுல தேடணும்னு நான் கேட்டிருக்கேன். லீவு முடிஞ்சு வந்ததும் அறிவிச்சிடுவேன். அதுவரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடாத."

"கோல்கீப்பர் சார் நான். விசில் ஊதுற வரைக்கும் வாயே திறக்க மாட்டேன்."

அது கோல்கீப்பர்களின் வழக்கம். ஆட்டம் முடியும் தறுவாயில், இதுவரை ஒரு கோலும் வாங்கவில்லை என்று கோல்கீப்பரிடம் யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த பந்து உள்ளே போய்விடும் என்பார்கள். சாவிக்கு இதில் சொந்த அனுபவமும் உண்டு. கல்யாணமான புதிதில், வரும் ஆட்டத்தில் நீதான் என்று அப்போதைய கோச் சொன்னதை நம்பி மனைவியிடம் சொல்லிவிட்டார். அவள் தன் அப்பாவையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு, நல்ல புடவை கட்டி, முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். கடைசி நேரத்தில் பெரியவருக்கு உடம்பு சரியாகிவிட்டது. சாவி பெஞ்சில் இருந்தார். வீடு திரும்பும் வழியெல்லாம் மாமனார் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். அன்றிலிருந்து நடந்து முடியாத எதையும் சாவி வீட்டில் சொல்வதில்லை.

இந்த நல்ல சேதியையும் சொல்லவில்லை. ஆனால் முகத்தை மறைக்க முடியவில்லை.

"என்ன, முகத்துல பல்பு எரியுது?" என்றாள் மனைவி.

"வெயிலு."

"வெயில்ல கருப்பாங்க. நீங்க மட்டும் பளபளக்கிறீங்க."

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது. இந்த மனிதர் பாடி எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவள் நினைத்துக்கொண்டாள். ராத்திரி படுக்கும்முன் வழக்கமாகச் செய்யும் பிரார்த்தனையை அன்று அவர் கொஞ்சம் நீட்டிச் செய்தார். கேட்பதற்கு ஒன்றுமில்லாமல் நன்றி மட்டும் சொல்வது அவருக்கே புதிதாக இருந்தது.

மின்னல் அவருக்குச் சகலையானதே ஒரு சின்ன இரக்கத்தால்தான். சில வருஷங்களுக்கு முன், வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்த ஒல்லிப் பையன் கேன்டீன் மூலையில் தனியாக உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் சாவி அவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப் போனார். அவன் மறுநாளும் வந்தான். அடுத்த வாரமும் வந்தான். அவன் சாப்பாட்டுக்காக மட்டும் வரவில்லை என்று வீட்டில் கடைசியாகக் கண்டுபிடித்தவர் சாவிதான். மைத்துனிக்கும் அவனுக்கும் கல்யாணம் ஆயிற்று. அதற்குள் அவன் நாடே பார்க்கும் ஆட்டக்காரனாகிவிட்டான். அவன் பந்தோடு ஓடினால் எதிரணி முழுக்கப் பின்னால் ஓடும். ஆனாலும் சாவியின் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றியதும் நேரே சமையலறைக்குப் போய், மூடி வைத்த பாத்திரத்தைத் திறந்து பார்க்கிற பையனாகத்தான் இருந்தான்.

சீசன் முடிந்த மறுவாரம் மின்னல் எல்லோரையும் தன் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டான். மைத்துனி சோபாவில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தாள். போன வருஷம் ஒரு கரு கலைந்துவிட்டது. இப்போது மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். நடமாடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாயில்லாத பெண் அவள். அக்காதான் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பி வளர்த்தவள். அக்கா வந்ததும் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட ஆரம்பித்தாள்.

மின்னலின் ஏஜெண்டும் வந்திருந்தார். இரண்டு கைக்கு இரண்டு போன் வைத்திருப்பவர். ஒன்றில் பேசும்போது இன்னொன்றைப் பார்ப்பார்.

"சகல, உக்காருங்க. ஒரு சமாச்சாரம்" என்றான் மின்னல். "பெரிய கிளப் ஓகே சொல்லிட்டாங்க."

சாவி எழுந்து அவனைக் கட்டிக்கொண்டார். "தெரியும்டா. நீ இதுக்கெல்லாம் மேல போவ."

"இருங்க, முழுசாக் கேளுங்க. நான் மட்டும் போகல." அவன் முகமெல்லாம் சிரிப்பாக, அண்ணி என்று கூப்பிடும் சாவியின் மனைவியைப் பார்த்தான், பிறகு சாவியைப் பார்த்தான். "நீங்களும் வர்றீங்க. அவங்களுக்கு மூணாவது கோல்கீப்பர் ஒருத்தர் வேணும். என் சகலைய எடுத்தாத்தான் நான் வருவேன்னு சொல்லிட்டேன். எடுத்துட்டாங்க!"

சாவி உட்கார்ந்தார். என்ன சொல்லப்பட்டது என்பது அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

ஏஜெண்ட் ஒரு போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு டீல் பண்ணினதில்ல சார். வீடு கேப்பாங்க, காரு கேப்பாங்க. சகலைய யாரும் கேட்டதில்ல. அவங்க சேர்மனே சிரிச்சிட்டார். ரெண்டு கிளப்பும் பேசி முடிச்சாச்சு. உங்க கையெழுத்துதான் பாக்கி."

"எங்க கோச்சுக்குத் தெரியுமா?"

"நிர்வாகத்துக்குத் தெரியும். கோச்சுக்கு எதுக்கு? உங்கள விடறதுல அவருக்கு என்ன கஷ்டம்?" ஏஜெண்ட் இதை மரியாதையாகத்தான் சொன்னார்.

"யோசனையே அண்ணியோடதுதான்" என்றான் மின்னல். "நான்கூடத் தயங்கினேன் சகல. சாவி அண்ணனுக்கு இந்த டீம்னா உசுராச்சேன்னு. அண்ணிதான் சொன்னாங்க, அவரு எங்க இருந்தாலும் பெஞ்சுதானே தம்பி, அந்தப் பெஞ்சாவது நல்ல பெஞ்சா இருக்கட்டும்னு!"

எல்லோரும் சிரித்தார்கள். மனைவிக்கு முகம் சிவந்தது. "சீ, நான் அப்படியா சொன்னேன்? பெரிய எடத்துல இருந்தா அவருக்கும் ஒரு மதிப்புன்னு சொன்னேன்." அவள் கணவனைப் பார்த்தாள். கொஞ்ச நாளாகவே மலர்ந்திருந்த அந்த முகம் இந்தச் சேதியில் இன்னும் மலரும் என்று எதிர்பார்த்தாள். அவருக்கு அதிர்ச்சி கலந்த சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டாள்.

சொல்லிவிடலாம் என்று சாவி வாயைத் திறந்தார். எனக்கு இடம் கிடைத்திருக்கிறது, இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்திருக்கிறது, என்னை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நாலு வார்த்தை போதும்.

அப்போது சோபாவிலிருந்து மைத்துனி மெல்லச் சொன்னாள்: "மாமா, இந்தத் தடவ எனக்குப் பயமாவே இல்ல. தெரியாத ஊருல தனியா கெடந்து என்ன பண்ணுவேன்னு ராத்திரியெல்லாம் அழுவேன். அக்காவும் நீங்களும் வர்றீங்கன்னு தெரிஞ்சதுலேர்ந்துதான் தூங்குறேன்."

சாவி வாயை மூடிக்கொண்டார். அவர் வரவில்லை என்றால் மின்னலின் ஒப்பந்தம் முறியாது. அவனை யாரும் விடமாட்டார்கள். ஆனால் மனைவி இங்கே அவரோடு இருப்பாள், தங்கை அங்கே படுக்கையில் இருப்பாள். இல்லை, மனைவி அங்கே போவாள், இவர் கோல்கம்பத்துக்கு நடுவே நிற்கும் நாளில் அவள் பார்க்க இருக்க மாட்டாள். ஏதாவது ஆகிவிட்டால், என் ஆசையால்தான் ஆயிற்று என்ற உறுத்தல் ஆயுளுக்கும் இருக்கும். இவ்வளவையும் அவர் ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் நினைத்து முடித்தார்.

"பேனா எங்க?" என்றார்.

அன்பாகச் செய்த காரியம்தான். அங்கே இருந்த யாருடைய மனதிலும் கல்மிஷம் இல்லை. ஆனால் யாருக்காகச் செய்தார்களோ அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் கொடுக்கிற அன்பும் சில நேரம் கையை முறித்துவிடுகிறது. அவரும் தன் பங்குக்கு மூடி வைத்தார். நல்லதை மறைத்தால் நல்லது நிலைக்கும் என்று நம்பினார்.

மறுநாள் கோச்சைப் பார்க்கப் போனார். அதற்குள் அவருக்குச் சேதி எட்டியிருந்தது.

"உனக்கு மூள இருக்கா?" என்றார் கோச். "மூணாவது கோல்கீப்பர்னா என்னன்னு தெரியுமா? பெஞ்சுல உக்காரக்கூட எடம் கெடையாது. மேல ஜனங்களோட உக்காந்து பாக்கணும். நான் உன்ன நம்பி வெளிய ஒருத்தனயும் பாக்கல தெரியுமா?"

"தெரியும் சார்."

"வீட்டுல சொன்னியா, நான் உனக்கு எடம் தந்திருக்கேன்னு?"

"இல்ல சார்."

கோச் நாற்காலியில் சாய்ந்தார். கத்துவார் என்று சாவி காத்திருந்தார். அவர் கத்தவில்லை. எழுந்து போய்ப் பலகையில் இருந்த அந்தக் காந்தத்தை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டார். "நீ நல்லவன்டா. நல்லவனா இருந்து எங்க எல்லாரையும் கவுத்துட்டுப் போற. போ."

பெரிய கிளப்பில் எல்லாமே பெரிதாக இருந்தது. உடை மாற்றும் அறையில் எல்லோருக்கும் பெயர் எழுதிய அலமாரி. சாவியின் அலமாரிக்கு மட்டும் முந்தைய ஆளின் பெயரைச் சுரண்டியெடுக்கப் பல வாரம் ஆயிற்று. வாசல் காவலாளி தினமும் அடையாள அட்டையைக் கேட்டார். ஒரு நாள் மின்னலோடு வந்தபோது, "இவரு யாரு, உங்க டிரைவரா?" என்று கேட்டுவிட்டார். மின்னல் சண்டைக்குப் போனான். சாவி அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "விடுடா, வண்டிய நான்தானே ஓட்டிட்டு வந்தேன்."

பெஞ்ச் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்கு அங்கேதான் தெரிந்தது. பெஞ்சில் இருப்பவன் பூட்ஸ் கட்டியிருப்பான், ஓடித் தயாராகியிருப்பான், அவனுக்குள் ஒரு 'ஒருவேளை' இருக்கும். இவர் கிளப்பின் கோட்டைப் போட்டுக்கொண்டு, மேலே, மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஆனால் மைத்துனிக்குக் குழந்தை நன்றாகப் பிறந்தது. வலி எடுத்தபோது மின்னல் வெளியூர் ஆட்டத்தில் இருந்தான். சாவிதான் அவளைத் தூக்கி வண்டியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நர்ஸ் வெளியே வந்து துணிச்சுருளை அவர் கையில் கொடுத்தபோது, "கெட்டியாப் பிடிங்க சார்" என்றாள். அவர் மனைவி அழுகையும் சிரிப்புமாக, "அவரு பிடிச்சா நழுவாதும்மா" என்றாள். அந்தப் பெண்குழந்தையின் முகத்தைப் பார்த்தபோது, கடவுள் கணக்கில் தவறு செய்யவில்லை என்று சாவிக்குத் தோன்றியது. அந்தச் சமாதானத்தோடு சில வாரங்கள் நிம்மதியாக இருந்தார்.

பழைய அணி ஆரம்பத்திலிருந்தே தடுமாறியது. கடைசி நேரத்தில் கிடைத்த ஒருவனைக் கோல்கீப்பராக வாங்கியிருந்தார்கள். திறமை இல்லாதவன் அல்ல. ஆனால் உயரமாக வரும் பந்துக்கு வெளியே வரலாமா, வலையோடு நிற்கலாமா என்று ஒரு கணம் யோசிப்பான். சாவி டிவியில் அதைப் பார்த்து, "வா, வா, வெளிய வா" என்று முணுமுணுப்பார்.

சீசன் நடுவில், ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் கதவு மறுபடி திறந்தபோது, கடல் கடந்த இன்னொரு கிளப் மின்னலைக் கேட்டது. உலகமே பார்க்கும் கிளப். மின்னல் சேதி சொல்ல வந்த அன்று நேரே சமையலறைக்குப் போகவில்லை. வாசலிலேயே நின்றான்.

"உங்களையும் எடுக்கச் சொல்லிக் கேட்டேன் சகல. சத்தியமாக் கேட்டேன். அவங்க ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க. ஏஜெண்ட் சொல்றார், அங்கயெல்லாம் இந்தக் குடும்பக் கத எடுபடாதாம்."

"உள்ள வா முதல்ல."

"நான் வேணாம்னு சொல்லிடட்டுமா?"

சாவி அவன் தோளைத் தட்டினார். "பைத்தியமா நீ? கால் இருக்கும்போதே ஓடிடணும்டா. நாளைக்கு முட்டி போச்சுன்னா இவனுங்க யாரும் வந்து எட்டிப்பாக்க மாட்டாங்க."

அக்காவும் தங்கையும் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். குழந்தையின் சின்னச் சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கியது அக்காதான். விமானம் போனபிறகு அந்தப் பெரிய ஊரில் இவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள். அந்த வீடு, அந்த வேலை, அந்த ஊர் எல்லாமே வேறு ஒருவனுக்காக வந்தவை. அவன் போய்விட்டான்.

சாவி மனைவிக்குத் தெரியாமல் பழைய கோச்சுக்குப் போன் செய்தார். "சார், கூப்பிட்டா வந்துடுவேன்."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "கூப்பிட எனக்கு ஆசையில்லையா? உன்ன இப்ப எடுத்தா, வாங்கின ஆளு தப்புன்னு நிர்வாகம் ஒத்துக்கணும். அவங்க கீழ விழுந்தாலும் விழுவாங்க, ஒத்துக்க மாட்டாங்க."

சீசனின் கடைசி ஆட்டம் பழைய அணியோடு, பெரிய கிளப்பின் சொந்த மைதானத்தில். பெரிய கிளப்புக்கு அதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. பழைய அணிக்கோ, தோற்றால் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். சமன் செய்தால் தப்பித்துக்கொள்ளலாம்.

சாவி வழக்கம்போல மேலே, மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கிளப் கோட்டைப் போட்டுக்கொண்டு எதிரணிக்காக வேண்டிக்கொள்வது சரியா என்று அவருக்குத் தெரியவில்லை. வேண்டாமலும் இருக்க முடியவில்லை. முடியும் தறுவாய்வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. பழைய அணியின் கோல்கீப்பர் அன்று நன்றாகவே ஆடினான். கீழே கோச் மைதானக் கோட்டுக்கு வெளியே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஓரத்திலிருந்து ஒரு பந்து சாயங்கால வெயிலில் உயரமாக எழும்பி வந்தது. ஆபத்தான பந்தே அல்ல. கோல்கீப்பர் ஒரு கணம் யோசித்தான். பிறகு எழும்பினான். அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது. பந்து அவன் விரல்களில் பட்டு வழுக்கி, முதுகுக்குப் பின்னால் விழுந்து, யாரும் தொடாமல் வலைக்குள் உருண்டது.

மனைவி பந்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் கணவன் எழுந்து நின்றதைத்தான் பார்த்தாள். அவருடைய இரண்டு கைகளும் தலைக்குமேல் போயிருந்தன. பந்து விரல்களுக்கு வரவேண்டிய நேரத்தில் அவை மூடிக்கொண்டு, எதையோ மார்போடு அணைத்தன. சுற்றிலும் ஆயிரக்கணக்கான பேர் ஆரவாரம் செய்துகொண்டிருந்தார்கள். அவர் மட்டும் வெறுங்கையை அணைத்தபடி நின்றார்.

விசில் ஊதியது. பழைய அணி கீழே போய்விட்டது.

ஆட்டக்காரர்கள் அறைக்குப் போகும் நடையில் மனைவி காத்திருந்தபோது கோச் வந்தார். ஒரே நாளில் கிழவராகியிருந்தார். "நல்லாருக்கியாம்மா?" என்று நின்றார். பிறகு, ஏற்கெனவே அவளுக்குத் தெரியும் என்ற நினைப்பில், "அன்னிக்கு நீயாவது அவனத் தடுத்திருக்கலாம்மா. அந்த எடத்த அவனுக்குன்னுதானே நான் வெச்சிருந்தேன். முதல் ஆட்டத்துலேர்ந்து நீதான்னு சொல்லியிருந்தேனே" என்றார்.

கோச் போன பிறகும் அவள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். பாத்ரூமில் பாட்டுச் சத்தம் கேட்ட அந்த நாள் எந்த நாள் என்று அவளுக்கு இப்போது விளங்கியது.

சாவி தன் பழைய அணியின் அறைக்குள் போயிருந்தார். கோல்கீப்பர் மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றி எல்லோரும் இடம் விட்டிருந்தார்கள். விரல்களில் சுற்றிய டேப்பைப் பிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். டேப்பின் நுனி அகப்படவில்லை. சாவி அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து, கையை வாங்கி, ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார். அவரைப் பார்த்ததும், தன் இடத்துக்கு முதலில் நினைக்கப்பட்டவர் இவர் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அவர் விடவில்லை.

"பஸ்ஸுல ஏற மாட்டேன் அண்ணா" என்றான் அவன். "ரெண்டு பேர் சொல்லிட்டாங்க, நான் ஏறினா அவங்க இறங்கிடுவாங்களாம். வாசல்ல நம்ம ஊர்க்காரங்க வேற நிக்கிறாங்க."

"எங்க வண்டியில வா."

நடையில் மனைவியைப் பார்த்ததும் சாவிக்குப் புரிந்துவிட்டது. அவனைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவளிடம் வந்தார்.

"கோச் சொன்னாரு" என்றாள்.

"ம்."

"அன்னிக்கே ஏங்க சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"சொல்ல வாயெடுத்தேன். உன் தங்கச்சி பேசிட்டா."

"எம்மேல கோவம் இருக்கா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லலாமா என்றுதான் யோசித்தார். "இருக்கு" என்றார். "குழந்தையப் பாத்தப்போ போயிருந்துச்சு. இன்னிக்கு மறுபடி வந்திருச்சு. இருக்கும் கொஞ்ச நாளைக்கு."

அவள் தலையசைத்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டால் அவர் உடனே மன்னித்துவிடுவார் என்று தெரியும், அது வேண்டாம் என்றிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தள்ளி நின்றவனைப் பார்த்தாள். "அது யாரு, அந்தப் பிள்ளையா?"

"வண்டியில கூட்டிட்டுப் போலாம்னு..."

"போலாம்."

பின்கேட்டிலும் ஆட்கள் இருந்தார்கள். பழைய ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள். சிலர் அழுதுகொண்டிருந்தார்கள், சிலர் கையில் கல் இருந்தது. வண்டியில் ஏறும்முன் அவள் தோளில் இருந்த சால்வையை எடுத்தாள். போர்த்தப் போனவள் நிறுத்திக்கொண்டாள்.

"தம்பி, சீட்டுல படுத்துக்கிட்டா இதப் போர்த்திடுவேன். முகம் தெரியாது. உங்களுக்குச் சம்மதமா? இல்ல, நிமிந்து உக்காந்து போறதுன்னாலும் சரி, நான் பக்கத்துல இருக்கேன். நீங்க சொல்லுங்க."

இப்படி யாரும் தன்னை எதுவும் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்ததால் அவன் அவளையே பார்த்தான். பிறகு, "படுத்துக்கிறேன்க்கா" என்றான். அவள் பின்சீட்டில் அவன் கால்மாட்டில் ஏறிக்கொண்டாள்.

கேட்டருகே ஒருவன் கண்ணாடியில் தட்டிக் குனிந்து பார்த்தான். "யாரு பின்னால?"

"என் தம்பி" என்றாள் அவள். "உடம்பு சரியில்ல. வழி விடுங்க."

அவன் வழி விட்டான். சாவி மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். கூட்டம் பின்னால் போயிற்று, தெருவிளக்குகள் வந்தன. சால்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அண்ணா, ஒண்ணு கேக்கவா? அந்தப் பந்து... நீங்க நின்னிருந்தா பிடிச்சிருப்பீங்களா?"

சாவி சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "அந்த வெயில்லயா? எதிர்வெயிலுடா. நானும் விட்டிருப்பேன்."

அவனிடமிருந்து ஒரு நீண்ட மூச்சு வந்தது. கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டான். அந்தக் கைகள் பந்துக்குச் சரியாக மூடியதைப் பார்த்தவள் அவர் மனைவி ஒருத்திதான். கடவுளும் பார்த்திருப்பார், அந்தப் பொய்யைக் கணக்கில் எழுத மாட்டார். தூங்குகிறவனின் கால் சீட்டுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதை மெல்லத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.